அடுத்த வீடுன்னா அடுத்த வீடு

பிள்ளைகளா,

நேற்று அம்மா அச்சுமுறுக்கையும் அதிரசத்தையும் தட்டுகளில் பிரித்து வைத்தபோது, "பக்கத்து வீட்டுக்கு மட்டும் குடுக்கக் கூடாதுய்யா" என்று நீங்கள் இருவரும் ஒரே குரலில் சொன்னீர்கள். குழாயடிச் சண்டையில் அவர்கள் நம்மைப் பேசிய பேச்சு எனக்கும் மறக்கவில்லை. போதாததற்கு இளையவன் ஒரு கேள்வியும் கேட்டான். "கிறிஸ்துமஸ்னா அன்புன்னு மிஸ் சொன்னாங்க. நம்ம மேல அன்பே இல்லாதவுகளுக்கு எதுக்குய்யா பலகாரம்?"

நான் சட்டையை மாட்டிக்கொண்டு லோடு ஆட்டோவை எடுக்கப் போய்விட்டேன். பதில் தெரியாமல் அல்ல. வாயால் சொல்ல ஆரம்பித்தால் எனக்குப் பாதியில் கோர்வை விட்டுப்போகும். அதனால் எழுதித் தருகிறேன். எட்டாம் வகுப்போடு நின்றவன் எழுத்து. பிழை இருந்தால் மூத்தவள் திருத்திக்கொள்.

கிறிஸ்துமஸ் என்றால் என்ன என்று நான் பூசையில் கேட்டதுண்டு, ஞானோபதேச வகுப்பில் மனப்பாடம் செய்ததும் உண்டு. ஆனால் அதைக் கண்ணால் பார்த்தது ஒரு பெண்ணிடம்தான். அவர் பெயரை எழுதப்போவதில்லை. யாராவது பெயர் சொல்லிப் புகழ்ந்தால், "வேற சோலி இல்லையாலே உனக்கு?" என்று அதட்டுகிறவர் அவர். ஊரில் பெரும்பாலும் எல்லாரும் அக்கா என்றுதான் கூப்பிட்டோம். இங்கேயும் அக்காவாகவே இருக்கட்டும்.

நாம் இராமநாதபுரத்துக்கு வருவதற்கு முன்னால் பாம்பனுக்கும் தங்கச்சிமடத்துக்கும் நடுவில் கடற்கரையை ஒட்டி ஒரு தெருவில் இருந்தோம். அப்போது மூத்தவள் கைக்குழந்தை. இளையவன் பிறக்கவில்லை. நான் ஐஸ் கம்பெனியில் ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தேன். தெருவில் முதலில் அக்கா வீடு. அதோடு சுவர் ஒட்டி ஒரு படகுக்காரர் வீடு. அதற்கு அடுத்தது நம் வீடு. இந்த வரிசையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நடந்ததெல்லாம் இந்த வரிசையால்தான்.

அக்காவின் தொழில் கருவாடு. மணலில் வலையை விரித்து மீனைக் காயப்போட்டு, கூடையில் கட்டி, பஸ் ஏறி சிக்கலுக்கும் கடலாடிக்கும் சந்தைக்குப் போவார். உங்கள் அம்மாச்சி வீடு கடலாடி என்பதால் நானும் பலமுறை அதே பஸ்ஸில் போயிருக்கிறேன். பஸ்ஸில் அவர் இருக்கிறாரா என்று தெரிந்துகொள்ள எட்டிப் பார்க்க வேண்டியதே இல்லை. குரல் கேட்கும்.

"ஏலே தம்பி, கொஞ்சம் தள்ளி உக்காரு."

"இது மூணு பேரு சீட்டும்மா. நாங்க மூணு பேரு இருக்கோம்."

"மூணு பேரு சீட்டுதான். நீ ஒருத்தனே ஒன்றரை ஆளு கணக்கா உக்காந்திருக்க. காலச் சேத்து வையி. அந்தப் புள்ளத்தாச்சி எம்புட்டு நேரமா கம்பியப் புடிச்சுக்கிட்டு நிக்கிது, கண்ணு தெரியலையா?"

பஸ்ஸே சிரிக்கும். அந்தத் தம்பி முகம் சிவக்கத் தள்ளுவான். அந்தப் பெண் உட்கார்ந்ததும் அக்கா அடுத்த சீட்டில் தள்ளச் சொல்லப் போய்விடுவார். கடைசி வரை தான் மட்டும் நின்றுகொண்டே வருவார்.

"நீங்க உக்காரலையாக்கா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"நான் உக்காந்தா கருவாட்டு வாடைக்குப் பயந்து பூராப் பேரும் எந்திரிச்சுப் போயிருவாக. அப்பறம் எடம் நெறையாக் கெடக்கும், பேச ஆளு இருக்காது."

இந்தத் "தள்ளி உக்காரு"தான் அவர். ரேஷன் கடை வாசலிலும் அதுதான், துக்க வீட்டிலும் அதுதான். கோயிலில்கூட விடமாட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை நடந்துகொண்டிருந்தபோது பெருமழை. இராமேஸ்வரத்துக்குத் தீர்த்தமாட வந்த வடக்கத்தி யாத்திரைக்காரர்கள், வேன் பழுதாகி, சொட்டச் சொட்ட நம் கோயில் முகப்பில் ஒதுங்கி நின்றார்கள். உள்ளே வரலாமா கூடாதா என்று அவர்களுக்கும் தெரியவில்லை, கூப்பிடலாமா என்று நமக்கும் தெரியவில்லை. சாமியார் பிரசங்கம் வைத்துக்கொண்டிருக்கிறார். அக்கா எழுந்து பெஞ்சு பெஞ்சாகப் போய், "தள்ளுங்க, தள்ளுங்க" என்று கையால் காட்டி, ஈரச் சேலையோடு அத்தனை பேரையும் கொண்டுவந்து உட்காரவைத்துவிட்டார்.

"அவுகளுக்குத் தமிழே தெரியாதேக்கா. பூசை என்னத்தப் புரியும்?" என்று பக்கத்தில் இருந்தவர் முணுமுணுத்தார்.

"பூசை புரியாட்டிப் போவுது. மழை புரியுதுல்ல?" என்றார் அக்கா, சாமியாருக்கே கேட்கும்படி. சாமியார் பிரசங்கத்தைச் சுருக்கமாக முடித்துக்கொண்டார்.

இதெல்லாம் கேட்க நன்றாக இருக்கும். பக்கத்தில் குடியிருந்தால்தான் தெரியும். பெரியபட்டினத்திலிருந்து கருவாடு வாங்க வந்த ஒரு முஸ்லிம் அம்மா, ஒருநாள் சாயங்காலம் பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டார். அக்கா வீடு நிறைய விருந்தாள். நேரே நம் வீட்டுக்குக் கூட்டிவந்து, "தள்ளிப் படுத்துக்கங்க, காலையில போயிருவாக" என்று சொல்லிவிட்டு அவர் பாட்டுக்குப் போய்விட்டார். நமக்கு இருந்தது ஒரே ஒரு அறை. நான் வெளியே வலைக் குவியல் மேல் படுத்தேன். காலையில் அந்த அம்மா உன் தலையில் கை வைத்து, "அல்லா இந்தப் புள்ளைக்கு பரக்கத் செய்யட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார், மூத்தவளே. அம்மாவுக்கு அது பிடித்திருந்தது. ஆனால் அக்கா மேல் இருந்த கோபம் தீரவில்லை. "நம்ம வீட்டுல தள்ளிப் படுக்கச் சொல்ல அவுக யாரு? ஒருநாளைக்கு அவுககிட்டயே யாராச்சும் சொல்லணும், தள்ளுங்கன்னு. அப்பத் தெரியும்" என்றாள்.

அக்கா வீட்டுக் கிறிஸ்துமஸ் குடிலைப் பற்றியும் சொல்லவேண்டும். மார்கழி பிறந்தால் உடைந்த மீன்பெட்டிப் பலகையில் குடில் கட்டுவார். தெருப்பிள்ளைகள் தங்கள் பொம்மைகளைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். மாட்டுக்கும் ஆட்டுக்கும் பக்கத்தில் பிளாஸ்டிக் ஆட்டோ, ஒரு கை இல்லாத போலீஸ்காரன், பல்லைக் காட்டுகிற டைனோசர் எல்லாம் நிற்கும். குடில் பார்க்க வந்த கோயில் உபதேசியார், "பெத்லகேம்ல டைனோசர் ஏதும்மா?" என்று கேட்டார். "வந்தத எப்பிடிப் போகச் சொல்ல? ஆடு மேய்க்கிற கோனாரக் கொஞ்சம் தள்ளி வச்சேன், எடம் ஆயிருச்சு" என்றார் அக்கா.

இப்போது அந்த வருடத்துக்கு வருகிறேன்.

கார்த்திகை மாதத்து வாடைக் காற்றில் அக்காவின் வீட்டுக்காரரான அண்ணன் போன நாட்டுப்படகு கவிழ்ந்தது. கூடப்போனவரை வேறு படகு தூக்கிவிட்டது. அண்ணனைக் காணவில்லை. ஆள் காணாமல் போனால் ஊரில் ஒரு படகும் தொழிலுக்குப் போகக்கூடாது, எல்லாப் படகும் தேடத்தான் போகவேண்டும். எழுதி வைத்த சட்டம் இல்லை, ஆனாலும் எங்கள் கரையில் அதற்கு மேல் ஒரு சட்டம் கிடையாது. நாளைக்கு நான் விழுந்தால் நீ வருவாய் என்ற நம்பிக்கையில்தான் ஒவ்வொருவனும் படகைத் தள்ளுகிறான்.

எல்லாரும் தேடப் போனார்கள். ஒருவர் போகவில்லை. சுவர் ஒட்டிய பக்கத்து வீட்டுக்காரர். அன்றைக்குக் கணவாய் மீன் நன்றாகப் பட்டது. அவர் படகு தேடுகிற பக்கம் போகாமல், கணவாய் பட்ட பக்கம் போனது. அண்ணனோடு ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவர் அவர். அக்காவை மதினி என்று கூப்பிடுகிறவர்.

அண்ணனின் உடல்தான் கரை ஒதுங்கியது. அடக்கம் முடிந்ததும் ஊர்க்கூட்டம் போட்டார்கள். அந்த வீட்டோடு யாரும் பேசக்கூடாது, அவர்கள் கையால் ஒன்றும் வாங்கக்கூடாது, கொடுக்கவும் கூடாது, மீறினால் மீறியவனுக்கும் அதே தண்டனை என்று கட்டுப்பாடு விதித்தார்கள். கூட்டத்தில் நானும் கை தூக்கினேன். எல்லாரும் தூக்கினார்கள். அக்காவுக்காகத்தான் தூக்கினோம். அவர்களுக்கு ஐஸ் போடக்கூடாது என்று எங்கள் கம்பெனிக்கும் சொல்லிவிட்டார்கள்.

இப்படியே மார்கழி வந்தது. கிறிஸ்துமஸுக்கு முன்னால் எங்கள் தெருவில் பாலன் வருகை என்று ஒரு வழக்கம் உண்டு. குழந்தை இயேசுவின் சுரூபத்தை ஓலைப்பெட்டியில் வைக்கோல் பரப்பி வைத்து, ஒரு நாளைக்கு ஒரு வீடாகத் தங்கவைப்பார்கள். மறுநாள் சாயங்காலம் அந்த வீட்டுக்காரர் தன் கையாலேயே தூக்கிக்கொண்டு போய் அடுத்த வீட்டுக்காரர் கையில் கொடுக்கவேண்டும். நடுவில் வேறு ஆள் வாங்கக்கூடாது. தெரு முடிந்ததும் பாலன் கோயில் குடிலுக்குப் போவார். அதுவரை கோயில் குடிலில் வைக்கோல் மட்டும்தான் இருக்கும்.

துக்க வீட்டில் நட்சத்திரம் கட்டமாட்டார்கள், பலகாரம் சுடமாட்டார்கள். அதனால் ஊர்த்தலைவர் உபதேசியாரைக் கூட்டிக்கொண்டு அக்கா வீட்டுக்கு வந்தார். நானும் போயிருந்தேன்.

"தாயி, இந்த வருசம் ஒங்க வீட்டுக்குப் பாலன் வேணாம்னு வச்சுக்குவோமா? துக்க வீடாச்சே."

அக்கா தலையை நிமிர்த்தினார். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. "துக்க வீட்டுக்கு வராம பின்ன எந்த வீட்டுக்கு அவரு வரப் போறாரு? வரட்டும்."

தலைவருக்கு அது சந்தோஷம்தான். "சரித்தா. மறுநா சாயங்காலம், பக்கத்து வீட்ட விட்டுட்டு அதுக்கு அடுத்த வீட்டுல குடுத்திருங்க" என்று என்னைக் காட்டினார்.

"அதெப்பிடி?" என்றார் அக்கா. "அடுத்த வீட்டுலதான குடுக்கணும்?"

"என்னத்தா பேசுறீக? ஒங்களுக்காகத்தான ஊரே அவன ஒதுக்கி வச்சிருக்கு?"

"ஒதுக்கி வச்சது நீங்க. பாலன் கூட்டத்துக்கு வந்து கை தூக்குனாரா?"

தலைவர் கெட்டவர் அல்ல. அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அவர் தரையில் உட்கார்ந்து நிதானமாகவே சொன்னார். "தாயி, இது ஒங்க ஒருத்தர் விசயம் இல்ல. இன்னைக்கு இவன விட்டா, நாளைக்கு எவன் பெத்த புள்ளையாச்சும் கடல்ல விழுந்தா எவன் தேடப் போவான்? எனக்குக் கணவா பட்டுச்சு, நான் போறேன்னு போயிருவான்ல?"

"கட்டுப்பாட்ட எடுங்கன்னு நான் சொல்லல. நீங்க யாரும் அவங்கூடப் பேச வேணாம். பாலன் போறதுக்கும் கட்டுப்பாட்டுக்கும் என்ன இருக்கு? அவரு என்ன ஊர்வரி கட்டுறாரா?"

உபதேசியார் சிரிப்பை அடக்க இருமினார். தலைவர் கோபமாக எழுந்தார். "அவன் வீட்டு வாசல்ல ஒரு ஆளு பாட்டுப் பாட வராது, பாத்துக்கங்க."

"எனக்குப் பாட்டு வேணாம். அடுத்த வீடுன்னா அடுத்த வீடு."

அக்கா மன்னித்துவிட்டார் என்றுதான் நான் நினைத்தேன். மறுநாள் உங்கள் அம்மா கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்தபோது அக்கா சொன்னதைக் கேட்டபிறகுதான் எனக்கு விளங்கியது.

"அவன் இருமுற சத்தம் செவுத்துக்கு அங்கிட்டு இருந்து கேட்டாலே எனக்கு வயிறு எரியுது. அந்த மனுசன் தண்ணியில கெடக்கையில இவன் கணவா அள்ளிக்கிட்டு இருந்திருக்கான்."

"அப்பறம் எதுக்குக்கா போறீக? ஏன் வரலன்னு அவருகிட்ட ஒரு வார்த்தையாவது கேட்டீகளா?"

"கேக்க மாட்டேன். கேட்டா ஒரு காரணம் சொல்லுவான். காரணம் நல்லா இருந்தா போவணும், இல்லாட்டிப் போவக் கூடாதுன்னு ஆயிரும். அன்னைக்கு அவரு மாட்டுக் கொட்டில்ல வந்து பொறந்தாரே, நம்ம யோக்கியதையக் கேட்டுக்கிட்டா வந்தாரு? வயிறு எரியட்டும். எரிஞ்சுக்கிட்டே போறேன்."

அம்மா வீட்டுக்கு வந்து அதை அப்படியே என்னிடம் சொன்னாள்.

பாலன் அக்கா வீட்டுக்கு வந்தார். மறுநாள் விளக்கு வைக்கிற நேரம் அக்கா வெள்ளைச் சேலையோடு, ஓலைப்பெட்டியை இடுப்பில் இடுக்கி, ஒரு மெழுகுவர்த்தியோடு பக்கத்து வீட்டு வாசலில் போய் நின்றார். பாட்டுக்குழு தெருமுனையிலேயே நின்றுவிட்டது. எல்லாரும் அவரவர் வாசலில் நின்று பார்த்தோம்.

"பாலன் வந்திருக்காரு. கதவத் தெறங்க."

உள்ளே ஓடிக்கொண்டிருந்த டிவி சட்டென்று நின்றது. அதனால் ஆள் இருப்பது ஊருக்கே தெரிந்துபோனது. கதவு திறக்கவில்லை. அக்கா வாசலிலேயே உட்கார்ந்தார். மெழுகுவர்த்தி தீர்ந்ததும் எழுந்து, பெட்டியோடு தன் வீட்டுக்குத் திரும்பினார்.

மறுநாளும் போனார். மறுநாளும் கதவு திறக்கவில்லை.

தெருவில் முணுமுணுப்பு கூடியது. இன்னும் வீடுகள் காத்திருக்கின்றன. பலகாரம் சுட்டு, நட்சத்திரம் கட்டி வைத்திருக்கிறார்கள். "அவுக ரெண்டு வீட்டுச் சண்டைக்கு எங்க வீட்டுக்கு ஏன் பாலன் வராம இருக்கணும்?" என்று கேட்டார்கள். தலைவர் பங்குச் சாமியாரிடம் போய், "சாமி, நீங்க ஒரு வார்த்த சொல்லி வாங்கிக் குடுத்திருங்க. இல்லாட்டிப் பொறப்பு அன்னைக்குக் குடில்ல பாலன் இருக்க மாட்டாரு" என்றார். சாமியார் அக்கா வீட்டுக்கு வந்தார். அந்த வருடமும் தெருப்பிள்ளைகள் கட்டி வைத்திருந்த குடிலையும் டைனோசரையும் பார்த்தார். "கோயில்ல வைக்கோல் போட்டு வச்சிருக்கேன்மா. நீங்க கொண்டுவரும்போது கொண்டுவாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த நாள் மதியத்திலிருந்தே மழை. இன்றைக்குப் போகமாட்டார் என்றுதான் நினைத்தோம். விளக்கு வைக்கிற நேரத்தில் அக்கா கிளம்பிவிட்டார். முந்தானையைப் பெட்டி மேல் போர்த்திக்கொண்டு, தலை நனைய நின்றார். எனக்குப் பொறுக்கவில்லை. குடையோடு ஓடினேன்.

"எனக்கு வேணாம்லே. பெட்டிக்குப் புடி" என்றார்.

நான் பெட்டிக்குக் குடை பிடித்தேன். அவர் கதவைப் பார்த்துப் பேசினார்.

"ஏலே, உள்ள எடம் இல்லன்னா எடம் இல்லன்னு சொல்லிரு. நான் போயிர்றேன். சொல்லு, ஊரே கேக்கட்டும்."

உள்ளே ஏதோ நகர்த்துகிற சத்தம் கேட்டது. அவர் மனைவி அழுகிற சத்தமும் கேட்டது. பிறகு கதவு திறந்தது. பக்கத்து வீட்டுக்காரர் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். சில வாரத்தில் ஆள் பாதியாகியிருந்தார்.

"மதினி, நனையாதீக. போயிருங்க. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நான் வாங்குறது? நான் அண்ணனத் தேடி வரல மதினி. நான் வரல."

"தெரியும்."

"அன்னைக்கு நான் ஏன் போனேன்னா..."

"நான் கேட்டனா?" அக்காவின் குரல் ஓங்கியது. "ஒன்னையப் பாக்க நான் வரல. அடுத்த வீட்டுக்கு வந்தேன். தள்ளி நில்லு."

அவர் அசையவில்லை. அக்காவும் அசையவில்லை. மழை பெட்டி மேல் படாமல் நான் குடையைச் சாய்த்துச் சாய்த்துப் பிடித்தேன். எனக்கு அப்போது ஒன்று புரிந்தது. வாசலில் நிற்பவர் மட்டும் அல்ல, இந்த அக்காவும் தனக்குள்ளே எதையோ தள்ளிக்கொண்டுதான் நிற்கிறார். அவருக்குள்ளே அண்ணனின் சாவு வாசலை அடைத்து உட்கார்ந்திருக்கிறது. அதைப் போகச் சொல்லவும் முடியாது. கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல்லத்தான் முடியும்.

பக்கத்து வீட்டுக்காரர் ஒரு பக்கமாக ஒதுங்கினார். அக்கா உள்ளே போனார். அவர்கள் வீட்டில் பீடம் எதுவும் ஜோடிக்கவில்லை. மீன்பெட்டி ஒன்றைக் கவிழ்த்து அதன்மேல் துண்டை விரித்தார் அந்த மனைவி. அக்கா பெட்டியைப் பக்கத்து வீட்டுக்காரர் கையில் கொடுத்தார். அவர் அதை வாங்கித் துண்டின் மேல் வைத்தார். பாட்டு இல்லை. ஒரு கர்த்தர் கற்பித்த செபம், ஒரு அருள்நிறை மந்திரம். அவ்வளவுதான். அக்கா அந்த வீட்டில் உட்காரவும் இல்லை, தண்ணீர் குடிக்கவும் இல்லை. வெளியே வந்து, முதன்முறையாக என்னை நேராகப் பார்த்தார்.

"நாளைக்கு அவன் கொண்டுவருவான். அடுத்த வீடு ஒன் வீடு" என்றார். ஈரச் சேலையைப் பிழிந்துகொண்டு தன் வீட்டுக்குப் போய்விட்டார்.

குடை என் கையில் இருந்தது. ஆனால் நான் நனைந்துகொண்டிருந்தேன்.

அன்றைக்கே தலைவர் ஆள் அனுப்பினார். "அவன் கையால வாங்குனா ஒனக்கும் அதே கதிதான், யோசிச்சுக்க. ஐஸ் கம்பெனிக்காரருக்கும் சொல்லிருவோம்." நான் உங்கள் அம்மாவிடம் சொன்னேன். அவள் உனக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள், மூத்தவளே. கேட்டுக்கொண்டே அடுத்த உருண்டையை உருட்டினாள். வேலை போனால் எங்கே போவது என்றும், கூட்டத்தில் நானும்தானே கை தூக்கினேன் என்றும், நாளை படகுக்குப் போகிற என் தம்பி கடலில் விழுந்தால் யார் தேடுவார் என்றும் எனக்குள்ளே ஓடிக்கொண்டே இருந்தது.

மறுநாள் மழை விட்டிருந்தது. சாயங்காலம் நான் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தேன். என்ன செய்யப்போகிறேன் என்று அப்போதும் எனக்குத் தெரியாது. தெரு முழுக்க ஆள். பக்கத்து வீட்டுக்கதவு திறந்தது. அவர் வெளுத்த சட்டை போட்டு, ஓலைப்பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார். பின்னால் மனைவி. நம் வாசல் வரை வந்தவர், நாற்காலிக்கு முன்னால் நின்றுவிட்டார். "பாலன் வந்திருக்காரு" என்று சொல்லவேண்டும். அவர் பெட்டியை மட்டும் முன்னால் நீட்டினார்.

நான் அக்கா வீட்டுப் பக்கம் பார்த்தேன். ஏதாவது சொல்லுவார் என்று எதிர்பார்த்தேன். வாசலில்தான் நின்றார். ஆயுசு முழுக்க எல்லாரையும் தள்ளச் சொன்ன மனுசி அன்றைக்கு ஒரு வார்த்தை பேசவில்லை.

எனக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது. உங்கள் அம்மா. இடுப்பில் நீ இருந்தாய், மூத்தவளே. கையில் மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருந்தது.

"தள்ளுங்க" என்றாள் என்னிடம். "வர்ற வழியில உக்காந்துக்கிட்டு."

நான் எழுந்து நாற்காலியைத் தூக்கி ஓரமாக வைத்தேன். பெட்டியை அவர் கையிலிருந்து வாங்கினேன். அது இவ்வளவு லேசாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. "உள்ள வாங்கண்ணே" என்றேன். ஊர் கேட்கத்தான் சொன்னேன்.

கட்டுப்பாடு உடனே நீங்கிவிடவில்லை. ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம் வரை இழுத்தது. அந்தக் கிறிஸ்துமஸுக்கு எங்களோடும் பலர் பேசவில்லை. ஐஸ் கம்பெனியில் எனக்கு வேலை போனது உண்மைதான். நாம் இராமநாதபுரத்துக்கு வந்ததும் அப்படித்தான். அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. என் கையிலிருந்து பாலனை வாங்க நமக்கு அடுத்த வீட்டுக்காரர் வெகுநேரம் யோசித்தார். பிறகு வாங்கிக்கொண்டார். அப்படியே தெருவெல்லாம் போய், பிறப்பன்று கோயில் குடிலுக்குப் பாலன் வந்து சேர்ந்தார். அடுத்த வருடம் வாடைக் காற்றில் ஒரு படகு காணாமல் போனபோது, முதலில் கடலில் இறங்கியது பக்கத்து வீட்டுக்காரரின் படகு என்று கேள்விப்பட்டேன். ஆள் உயிரோடு கிடைத்தான். அக்கா அவரோடு பழையபடி சிரித்துப் பேசினாரா என்றால், இல்லை. கடைசி வரை இல்லை. ஆனால் ஒவ்வொரு மார்கழியிலும் பெட்டியை அவர் கையில்தான் கொடுத்தார்.

அக்கா போய்ச் சேர்ந்து சில வருடம் ஆகிறது. அடக்கத்துக்குப் போனபோது ஒரே கூட்டம். நிற்க இடமில்லாமல் தள்ளிக்கொண்டு நின்றோம்.

இளையவனே, உன் கேள்விக்கு வருகிறேன். மிஸ் சொன்னது சரிதான், அன்புதான். ஆனால் அன்பு வந்த பிறகு அடுத்தவர் வாசலுக்குப் போகிற நாள் அல்ல அது. சத்திரத்தில் ஒருவரும் தள்ளிப் படுக்காத ஊரில்தான் பாலன் வந்து பிறந்தார். நாம் சரியாகிற வரைக்கும் அவர் காத்திருக்கவில்லை. எனக்குத் தெரிந்த கிறிஸ்துமஸ் இதுதான். இதற்கு மேல் விளக்கம் வேண்டுமென்றால் சாமியாரைக் கேட்டுக்கொள்.

நாளை சாயங்காலம் விளக்கு வைத்ததும் பலகாரத் தட்டை எடுத்துக்கொண்டு நான் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டப்போகிறேன். குழாயடியில் ஏன் அப்படிப் பேசினீர்கள் என்று கேட்கமாட்டேன். கதவு திறக்காவிட்டால் மறுநாளும் போவேன். அதற்குள் அதிரசம் காய்ந்துபோனால் அம்மா வேறு சுடுவாள், சொல்லிவிட்டேன்.

நீங்கள் இருவரும் என்னோடு வரவேண்டும். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாலும் பரவாயில்லை. வந்தால் போதும்.